மொத தண்ணி, அப்புறந்தான் வெயில்

போன வாரம் பொகவந்தலாவ பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் எடுத்திருந்தாரு. "அண்ணே, ரெண்டு சோலார் பேனல் வாங்கி கூரையில போட்டா வீட்டுக்கு கரண்ட் போதுமா, கடையில போதும்னுதான் சொல்றாங்க"ன்னு கேட்டாரு. அவர் இருக்கிறது தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது வரிசை வீட்டுல. நான் திருப்பி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஒங்க லயத்துக்கு மேல ஓடை ஓடுதா தம்பி?" அவருக்கு அது என்னமோ சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி இருந்துச்சு போல, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "ஓடுது, பீலிக்கு தண்ணி அதுல இருந்துதான் வருது"ன்னாரு, பீலின்னா லயத்து சனம் தண்ணி பிடிக்கிற எடம். ஓடைத் தண்ணிய வச்சு வீட்டுக்கு கரண்ட் எடுக்கிறத பத்தி அன்னைக்கு அவர்கிட்ட ஒரு மணித்தியாலம் கதைச்சதத்தான் இங்க முழுசா எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய இந்த ரெண்டு வருசத்துல நெறைய பேர் கேட்டுட்டாங்க.

நம்ம மலையில ஜூன், ஜூலையில போய் பாருங்க, மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் எங்க பாத்தாலும் காலையில இருந்து பொகாரு, மழை, சில நாள் பகல் பன்னிரண்டு மணிக்கே லயத்துக் காம்பராவுக்குள்ள லைட்டு போடணும். அந்த மாசங்கள்ல பேனல் பேருக்குத்தான் கூரையில கெடக்கும். ஆனா அதே மாசத்துல ஓடை எப்படி ஓடும்னு ஒங்களுக்கே தெரியும், ராத்திரி படுத்தா அந்த சத்தந்தான் காதுல. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் தலைகீழ், வானம் வெளுத்து வெயில் அடிக்கும், ஓடை ஒல்லியாயிடும். ரெண்டும் முறை போட்டு வருது, அதனால ரெண்டையும் சேத்து வச்சா வருசம் பூரா ஓட்டலாம். மலைநாட்டு வீட்டுக்கு மொத தண்ணி, அப்புறந்தான் வெயில். கொழும்புல, மன்னார்ல, யாழ்ப்பாணத்துல பேனல் சரி, அவங்க கணக்க நாம அப்படியே தூக்கிக்கிட்டு வந்தா ஆறு மாசம் இருட்டுல இருக்க வேண்டியதுதான்.

பதுளை, பசறை, வெலிமடை பக்கத்து ஆளுங்களுக்கு இந்த மாசக் கணக்கு பொருந்தாது. அங்க கச்சான் காத்து அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான் காய்ச்சல், அதாவது மழையில்லாம காயுற காலம், மழை வர்றது வருசக் கடைசியில. ஒங்க தோட்டத்துல எந்த மாசம் வெயில், எந்த மாசம் தண்ணின்னு தெரிஞ்சிக்க கொழுந்து எடுக்கிற அம்மாகிட்ட கேட்டாலே போதும். தேயிலைக்கு நல்ல வெல கெடைக்கிற குவாலிட்டி சீசன் ஹட்டன் அடங்குற டிம்புள்ள பக்கம் ஜனவரி–மார்ச், பதுளை அடங்குற ஊவா பக்கம் ஜூலை–செப்டம்பர். காஞ்ச காத்தும் வெயிலும் சேந்தாத்தான் அந்த சீசன் வரும், கொழுந்து மெதுவா வளந்து வாசம் ஏறும். அதனால ஒங்க பக்கத்து சீசன் மாசந்தான் ஒங்க பேனல் மாசம், அதுதான் ஓடை சுருங்குற மாசமும்.

எனக்கு இந்த வேலை பிடிச்சது 2022ல. கொழும்புல ஏசி ரிப்பேர் கம்பனி ஒண்ணுல டெக்னீசியனா இருந்தேன், வேலை இல்லாம போயி வீட்டுக்கு வந்துட்டேன். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், நெனவிருக்கும். எண்ணெய் வாங்க டொலர் இல்ல, நீர்த்தேக்கத்துலயும் தண்ணி எறங்கிப் போச்சு. லாம்பெண்ணெய்க்கு லைன்ல நின்னு, அதுவும் கெடைக்காம, தங்கச்சி மெழுகுவர்த்திய குப்பி மேல நிறுத்தி வச்சு படிச்சா. ஒரு நாள் ராத்திரி இஸ்தோப்புல, அதாவது முன் திண்ணையில, ஒக்காந்திருக்கேன், எதிர் மலையில லக்ஸபான பக்கத்துல இருந்து வர்ற பெரிய கம்பிக் கோபுரங்க நிலா வெளிச்சத்துல தெரியுது. காசல்ரீ, மவுசாகலைன்னு ரெண்டு பெரிய நீர்த்தேக்கம் எங்க மலைகளுக்கு நடுவுல, அதுல இருந்து வர்ற கரண்டு எங்க தலைக்கு மேலதான் போகுது. எங்க லயத்துக்கே கரண்ட் வந்தது நான் மூணாம் வகுப்பு படிக்கும்போது. அன்னைக்கு எனக்கு கோபமும் வந்துச்சு, அதோட ஒரு யோசனையும் வந்துச்சு, அவ்வளவு பெரிய டேம் எதுக்கு, எங்க வீட்டுக்கு மேல ஓடுற தண்ணி போதாதா?

அப்பாயிகிட்ட சொன்னேன். அவங்க உடனே "ஒங்க தாத்தா ஸ்டோர்ல அந்த தண்ணி மிசினத்தானே பாத்துக்கிட்டு இருந்தாரு"ன்னு சொன்னாங்க. எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மறுநாள் பழைய தேயிலை ஸ்டோருக்கு, அதான் தேயிலை பெக்டரிக்கு, பின்னாடி காட்டுக்குள்ள போயி பாத்தேன், துருப்பிடிச்ச இரும்புக் குழாய் ஒண்ணு மலைமேல இருந்து எறங்கி வந்து, இடிஞ்ச கல் அறைக்குள்ள முடியுது. வெள்ளக்காரன் காலத்துல நூத்துக்கணக்கான தோட்டங்கள்ல இந்த மாதிரி தண்ணி டர்பைன், தண்ணி வேகத்துல சுத்துற சக்கரம், அதுதான் கொழுந்து அரைக்கிற மிசின சுத்த வச்சது, நெறைய டர்பைன் இங்கிலாந்துல கென்டல்ங்கிற ஊர்ல இருந்த கில்க்ஸ் கம்பனியில செஞ்சு கப்பல்ல வந்தது. அரசாங்க கரண்ட் லைன் வந்ததும் எல்லாத்தையும் கைவிட்டுட்டாங்க. நாட்டுக்கே நீர் மின்சாரம் வேணும்னு சத்தம் போட்ட இஞ்சினியர் விமலசுரேந்திர கூட நம்ம மலையிலதான் ஆரம்பிச்சாரு. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவுல பிளாக்பூல்ல சின்ன நிலையம் ஒண்ணு போட்டு 1912ல நுவரெலியா டவுனுக்கு கரண்ட் குடுத்தாங்க. 1918லயே அவர் பெரிய திட்டத்த எழுதி வச்சாரு, லக்ஸபான ஓடத் தொடங்குனது 1950ல. அந்த மாதிரி சின்ன நிலையத்துல இருந்து வந்த ஊர்க்காரங்கதான் நாம, ஓடையில கரண்ட் எடுக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல.

சரி, வேலைக்கு வாரேன். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க, தண்ணி எவ்வளவு வருது, எவ்வளவு ஒசரத்துல இருந்து விழ வைக்கலாம்.

தண்ணி அளக்க 20 லீட்டர் பெயின்ட் வாளி ஒண்ணு போதும். ஓடையில பாதிய மட்டும் கல்லும் களிமண்ணும் வச்சு ஒரு பைப் துண்டுக்குள்ள திருப்பி விட்டு, வாளி நெறைய எத்தனை செக்கன்னு போன்ல பாருங்க. எங்களுக்கு மழை மாசத்துல 5 செக்கன், அப்ப செக்கனுக்கு 4 லீட்டர். பெப்ரவரி கடைசியில அதே வாளி நெறைய 12 செக்கன் எடுத்துச்சு. தயவுசெஞ்சு காய்ச்சல் மாசத்துலயும் அளந்துட்டு முடிவெடுங்க, மழையில அளந்துட்டு குதிச்சவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும், மார்ச்ல மிசின் நின்னு போச்சு அவங்களுக்கு. ஒசரம் அளக்க மேசன் பாஸ்மார் வச்சிருக்கிற லெவல் டியூப், அந்த தண்ணி ஊத்துன கண்ணாடி மாதிரி டியூப்தான், ஒருத்தர் மேல ஒருத்தர் கீழ நின்னு படி படியா எறங்கிக்கிட்டே வரணும், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவுன்னு எழுதிக்கிட்டே கூட்டணும். நானும் பக்கத்து காம்பரா மாமாவும் அட்டைக் கடியோட அரை நாள் நின்னு எறங்கி வந்தோம், 22 மீட்டர் வந்துச்சு.

இப்ப கணக்கு. செக்கனுக்கு வர்ற லீட்டர, ஒசர மீட்டரால பெருக்கி, அத 9.81ஆல பெருக்குனா தண்ணிக்குள்ள இருக்கிற சக்தி வாட்ல வரும். 4 × 22 × 9.81 = 863 வாட். இதுல நாம வீட்டுல செய்ற மிசின் பிடிச்சு தர்றது மூணுல ஒரு பங்கு, நல்லா செஞ்சா பாதிக்கு கொஞ்சம் கம்மி. எங்களுக்கு 300 வாட் வருது. 300 வாட்டுதானான்னு நெனக்காதீங்க, பேனல் மாதிரி நாலு மணித்தியாலம் இல்ல, இது ராவும் பகலும் ஓடும், ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல. எங்க வீட்டுல லைட்டு, டிவி, போன், சின்ன பிரிட்ஜ், மிக்சி எல்லாம் சேத்து 3 யூனிட்ட தாண்டாது.

குழாய் விசயத்துலதான் நான் காசு அழிச்சேன். 63 மில்லிமீட்டர் கறுப்பு பைப் ரோல் ஒண்ணு கம்மி வெலைக்கு கெடச்சது, 90 மீட்டர் ஓட்டி எறக்கினோம். வால்வ மூடி கேஜ் பாத்தா 22 மீட்டருக்கு உள்ள அழுத்தம் சரியா காட்டுது, வால்வ தொறந்ததும் கேஜ் முள்ளு சரசரன்னு எறங்கிடுச்சு. அந்த பைப்புக்கு உள் விட்டம் 50 மில்லிமீட்டர் சொச்சந்தான், செக்கனுக்கு 4 லீட்டர் அதுக்குள்ள ஓடும்போது உரசல்லயே ஆறு ஏழு மீட்டர் ஒசரம் செத்துப் போகுது, அதாவது மாமாவும் நானும் அட்டைகிட்ட கடி வாங்கி அளந்த ஒசரத்துல மூணுல ஒண்ணு பைப்புக்குள்ளயே போச்சு. அதே தண்ணிய 3 இஞ்சி பீவீசி குழாய்ல விட்டா ஒரு மீட்டர் கூட போகாது. விட்டம் கொஞ்சம் கூடினா உரசல் அவ்வளவு வேகமா கொறையுது. அந்த ரோல வித்துட்டு 3 இஞ்சி வாங்கினோம். குழாய்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, மத்த சாமான் எல்லாம் பழசா வாங்கலாம்.

வாய்க்கால் வெட்டி தண்ணி கொண்டு போறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மண் வாய்க்கால் கசிஞ்சா சரிவு ஊறும், ஊறுன சரிவு எப்படி எறங்கும்னு நம்ம சனத்துக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. லயத்துக்கு மேல தொட்டி, குளம் எதுவும் கட்டாதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மண்சரிவு அபாயம்னு அடையாளம் போட்ட எடத்துல இந்த வேலையே வேணாம். நாங்க ஓடைக்குள்ளயே கல்லடுக்கி, அதுல ஓட்டை போட்ட ஸ்டெயின்லஸ் தகடு ஒண்ண சாய்ச்சு வச்சோம். தண்ணி தகட்டு மேல வழியும்போது ஓட்டை வழியா கீழ எறங்கும், எல சறுக்கிக்கிட்டு ஓடையோட போயிடும். அதுக்குக் கீழ ஒரு சின்ன பிளாஸ்டிக் பீப்பா, மணல் அடியில தங்குறதுக்கு. மணல் போனா டர்பைன் கிண்ணம் ரம்பம் போட்ட மாதிரி தேஞ்சிடும். இவ்வளவும் செஞ்சாலும் மேல மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற மாசம் தெனம் போய் பாக்கணும், வெட்டுன குச்சியும் எலயும் கட்டுக் கட்டா வந்து தகட்ட மூடிடும்.

தண்ணி எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியவங்ககிட்ட கேளுங்க. தோட்ட நிர்வாகம் ஒண்ணு, நெலம் நம்ம பேர்ல இல்லங்கிறது ஒங்களுக்குத் தெரியும், வாய் வார்த்தையா இல்லாம எழுத்துல வாங்கிக்கோங்க. அத விட முக்கியம் கீழ பீலியில தண்ணி பிடிக்கிற வீடுங்க. எங்க மிசின்ல அடிச்ச தண்ணி அப்படியே பீலிக்கு மேலயே ஓடையில திரும்ப விழுது, ஒரு சொட்டு கொறையாது, அழுக்காகாது. ஆனாலும் அத நான் லயம் லயமா போயி சொல்லி, வந்து பாக்க வச்சதுக்கு அப்புறந்தான் குழாய பூட்டினேன். ஒரு பாட்டி வந்து விழுற தண்ணிய கையில ஏந்தி மோந்து பாத்தாங்க, அப்புறம் குடிச்சுப் பாத்தாங்க, "சரிப்பா"ன்னு போயிட்டாங்க.

டர்பைன். நம்ம மலைக்கு பொருந்துறது பெல்டன் சக்கரம், தண்ணி கொஞ்சம், ஒசரம் கூட இருக்கிற எடத்துக்கு. அமெரிக்காவுல லெஸ்டர் பெல்டன்ங்கிறவர் 1880ல காப்புரிமை எடுத்தது. குழாய் முனையில சின்ன நாசில் வழியா தண்ணி ஊசி மாதிரி பாஞ்சு சக்கரத்துல இருக்கிற கிண்ணங்கள்ல அடிக்கும். நான் மொத தடவை செஞ்சதுல சாப்பாட்டுக் கரண்டிய ஒத்தையா வட்டத் தகட்டுல பூட்டினேன். சுத்துச்சு, ஆனா பலமில்ல. பக்கத்துல ஒக்காந்து டார்ச் அடிச்சு பாத்துக்கிட்டே இருந்தேன். கரண்டி நடுவுல அடிச்ச தண்ணி வந்த வழியே திரும்பி அடுத்த கரண்டியோட முதுகுல அடிக்குது, போற சக்கரத்த பின்னால இழுக்குது. பெல்டன் கிண்ணம் ஏன் ரெட்டைக் கிண்ணமா இருக்கு, நடுவுல ஏன் ஒரு முதுகு இருக்குன்னு அப்பதான் புரிஞ்சது. அந்த முதுகு தண்ணிய ரெண்டாப் பொளந்து ரெண்டு பக்கமும் வளைச்சு வெளிய அனுப்பிடும், அடுத்த கிண்ணத்துக்கு தொந்தரவு இருக்காது. ஹட்டன்ல ஆர்கன் வெல்டிங் செய்ற பாஸ் ஒருத்தர்கிட்ட 36 கரண்டி கொண்டு போயி குடுத்தேன், ரெண்டு ரெண்டா ஓரத்த வெட்டி ஒட்டி, நடு முதுக கத்தி மாதிரி தீட்டி 18 கிண்ணம் செஞ்சு தந்தாரு, எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன், கூலியில பாதிதான் வாங்கினாரு.

22 மீட்டர்ல இருந்து வர்ற தண்ணி நாசில்ல செக்கனுக்கு 20 மீட்டர் வேகத்துல பாயும். கிண்ணம் அதுல பாதி வேகத்துல ஓடும்போதுதான் தண்ணியில இருக்கிற பலம் முழுசா சக்கரத்துக்கு வரும், எங்க 20 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு அது நிமிசத்துக்கு 900 சுத்து. இது தெரியாமத்தான் மொதல்ல பழைய லொறி ஆல்டர்னேட்டர் போட்டேன், அதுக்கு 900 சுத்து பத்தாது, காந்தத்துக்கும் அதுவே கரண்ட் திங்கும். அப்புறம் பழைய இரும்புக் கடையில ஒரு வாஷிங் மெசின் கெடந்துச்சு, பெல்ட் இல்லாம டிரம்முக்குப் பின்னால மோட்டர் நேரா பூட்டியிருக்கிற வகை. அந்த மோட்டர்ல நிலைக்காந்தம் இருக்கு, மெதுவா சுத்துனாலே கரண்ட் வரும், சுருள் இணைப்ப மட்டும் மாத்தி வோல்டேஜ கொறச்சேன். நாசில் மூணு கடைஞ்சு வச்சிருக்கேன், 16, 13, 10 மில்லிமீட்டர். மழைக்கு 16, காய்ச்சலுக்கு 10. காய்ச்சல்ல பெரிய நாசில அப்படியே விட்டா வர்ற தண்ணிய விட போற தண்ணி கூடி, குழாய் காலியாகி காத்து இழுக்கும், ஒசரமே இல்லாம போயிடும்.

மிசின்ல இருந்து வீடு 80 மீட்டர். 24 வோல்ட்லயே வயர் இழுத்தா 300 வாட்டுக்கு 12 அம்பியருக்கு மேல ஓடும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்ல கூட 8 வோல்ட்டுக்கு மேல வயர்லயே சூடாப் போயிடும், மூணுல ஒரு பங்கு. அதனால மிசின் பக்கத்துலயே டிசியா (ஒரே திசையில ஓடுற கரண்டா) மாத்தி 100 வோல்ட் அளவுல அனுப்பி, வீட்டுல எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் வச்சு 24 வோல்ட் பெட்டரிக்கு எறக்குறோம். 2.5 வயர்ல 3 அம்பியர் ஓடும்போது நட்டம் மூணு வோல்ட் சொச்சந்தான். 100 வோல்ட் டிசி ஆளக் கொல்லும், அத மறந்துடாதீங்க, வயர குழாய்க்குள்ள போட்டு பொதைங்க, புள்ளைங்க வெளையாடுற பக்கம் கொண்டு போகாதீங்க.

இந்த எடத்துலதான் எனக்கு பெரிய அடி விழுந்துச்சு. ஒரு நாள் பெட்டரி டெர்மினல் சுத்தம் பண்ண கழட்டினேன், தண்ணிய நிறுத்தாம. சுமை இல்லாத சக்கரம் கட்டவுத்த மாடு மாதிரி ஓட ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம், வோல்டேஜும் ரெண்டு மடங்கு. கண்ட்ரோலர் தாங்குறது 150 வோல்ட், வந்தது 190க்கு மேல. டப்புனு ஒரு சத்தம், பொகை, தங்கச்சி உள்ள இருந்து ஓடி வந்தா. அவ சீட்டு எடுத்து தந்த காசுல வாங்கின கண்ட்ரோலர் அது. ரெண்டு நாள் நான் யார்கிட்டயும் சரியா கதைக்கல. பேனல்ல வெயில் இருந்தாலும் சுமை இல்லாட்டி அது பேசாம இருக்கும், தண்ணி அப்படி இல்ல, அதுக்கு எப்பவும் ஒரு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். வேல முடிஞ்சா மொதல்ல வால்வு, அப்புறந்தான் வயர்.

அடுத்த கண்ட்ரோலருக்கு காசு சேக்க நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்துல ஒரு பாதுகாப்பு செஞ்சேன், மொத்த வேலையிலயும் இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சது அதுதான். வோல்டேஜ் 110ஐ தொட்டா தானா ஒரு ஹீட்டருக்கு கரண்ட திருப்பி விடுற சின்ன எலக்ட்ரோனிக் சுவிட்ச். சாதாரண 230 வோல்ட் 1000 வாட் சுடுதண்ணி ஹீட்டர்தான், 110 வோல்ட்ல அது 230 வாட் இழுக்கும், எங்க மிசினுக்கு அளவெடுத்த மாதிரி. ஏசிக்கு செஞ்ச ரிலேவ போடாதீங்க, டிசியில பொறி அணையாம முனை ஒட்டிக்கும், டிசிக்கான மோஸ்பெட் சுவிட்ச்சே போடுங்க. ஹீட்டர ஒரு மூடி போட்ட பீப்பாவுக்குள்ள வச்சு, சூடு வெளிய போகாம சுத்தி பழைய கம்பளியும் ரெஜிபோம் அட்டையும் கட்டினோம். ராத்திரி பத்து மணிக்கு லைட்டெல்லாம் அணைஞ்சு பெட்டரி நெறைஞ்சதும் கரண்டெல்லாம் அந்த பீப்பாவுக்குத்தான் போகும். விடிய அஞ்சு மணிக்குள்ள 35 லீட்டர் தண்ணி குளிக்கிற சூட்டுக்கு வந்துடும். எங்க அம்மா முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்துட்டு, எறங்கி வரும்போது தலையில வெறகுக் கட்டோட வந்தவங்க, அந்த வெறகுல பாதி சுடுதண்ணிக்குத்தான் எரியும். இப்ப முழங்கால் முடியல. வெறகு இப்ப சோத்துக்கு மட்டுந்தான், புகையும் பாதியா கொறஞ்சிடுச்சு.

பேனல பத்தியும் சொல்லிடுறேன். ஒரு 400 வாட் பேனல் வச்சிருக்கோம், கூரையில இல்ல, காம்பரா கூரைத் தகரமும் மரமும் தாங்காது, அதோட அது ஆறு குடும்பத்துக்கு பொதுக் கூரை. மரக்கறித் தோட்டத்து ஓரத்துல இரும்பு ஸ்டாண்ட் அடிச்சு தெற்கு பாத்து 10 டிகிரி சாய்ச்சு வச்சோம், நாம நிலநடுக்கோட்டுக்கு கிட்ட இருக்கிறதால அவ்வளவு சாய்வு போதும், அதுக்கும் கொறைச்சா மழைத் தண்ணி அழுக்க கழுவிட்டு எறங்காது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் அந்த எடத்துல ஒரு கம்ப நட்டு நிழல் விழுற நேரத்த எழுதுங்க, மலைக்கு மேக்கால இருக்கிற லயத்துக்கு வெயில் ஒன்பது மணிக்குத்தான் வரும், கெழக்கால இருக்கிறவங்களுக்கு மூணரைக்கே போயிடும். நம்ம குளிரு பேனலுக்கு நல்லதுதான், சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 0.3ல இருந்து 0.4 சதவீதம் வரைக்கும் அது தர்றது கொறையும், அதனால ஜனவரி வெயில்ல எங்க பேனல் நல்லா குடுக்குது. காய்ச்சல்ல தண்ணியில இருந்து 120 வாட், பகல்ல பேனல், ரெண்டும் சேந்து பிரிட்ஜ நிறுத்தாம ஓட்டுது. லைனோட சேத்து போட்டு, மிஞ்சுற கரண்ட லைனுக்கே குடுத்து பில்லுல கழிச்சுக்கிற நெட் மீட்டரிங் நாட்டுல 2010ல இருந்தே இருக்கு, சொந்தப் பேர்ல வீடும் மீட்டரும் இருக்கிறவங்களுக்கு நல்ல திட்டம். ஆனா பெட்டரி இல்லாத அந்த வகை, லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுடும், லைன்ல வேலை செய்றவங்க உயிருக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. 2022ல கூரை நெறைய பேனல் வச்சிருந்த வீடுகளும் இருட்டுல இருந்தது அதனாலதான்.

சாண எரிவாயு பத்தியும் கேக்குறாங்க. ரெண்டு மாடு இருந்தா செய்யலாம், ஆனா அந்த கிருமிக்கு சூடு வேணும், நுவரெலியா குளிர்ல கேஸ் ரொம்ப மெதுவாத்தான் வரும். கினிகத்தேனை, கண்டி மாதிரி கீழ எடத்துக்கு சரி.

பெட்டரி சாதாரண லொறி பெட்டரி வாங்காதீங்க, அது ஸ்டார்ட் பண்ண மட்டும். நாங்க ரெண்டு டீப் சைக்கிள் 12 வோல்ட் 100 அம்பியர்-ஹவர் பெட்டரி வச்சிருக்கோம், பாதிக்குக் கீழ எறங்க விடுறதில்ல. தண்ணி எப்பவும் வந்துக்கிட்டே இருக்கிறதால பெரிய பெட்டரியும் தேவைப்படல, பேனல் மட்டும் போட்டவங்களுக்கு இதுக்கு மூணு நாலு மடங்கு வேணும். பழைய சாமான், கூலி, செத்த கண்ட்ரோலர் எல்லாம் சேத்து எனக்கு ரெண்டு லட்சத்து சொச்சம் ஆச்சு. தனி வீட்டுக்கு இது பெரிய காசுதான். நாலஞ்சு வீடு சேந்தா பங்கு பிரியும், ஓடையும் பொதுதானே. இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை மாவட்டத்துல 1990கள்ல இருந்தே கிராமம் கிராமமா இப்படி சின்ன நீர் மின்சாரம் போட்டு, பாவனையாளர் சங்கம் வச்சு நடத்தினாங்க, லைன் போகாத நூத்துக்கணக்கான எடத்துல சனம் தாங்களே கல் சுமந்து கட்டினது. தோட்டத்துல அந்த மாதிரி சங்கம் ஏன் ரொம்ப வரலன்னு நான் நெறைய யோசிச்சிருக்கேன். நெலம் நம்ம பேர்ல இல்ல, நாளைக்கு எழுப்பிடுவாங்களோங்கிற பயத்துல யாரும் குழாய் பொதைக்க மாட்டாங்க. காணி உரிமைய பத்தி கதைக்கும்போது இதையும் சேத்து கதைக்கணும், சொந்த நெலம் இருக்கிறவனுக்குத்தான் சொந்தமா கரண்ட் எடுக்க மனசு வரும்.

2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்துல ஒரு குரங்கு பட்டு நாடு பூராவும் கரண்ட் போச்சே, அன்னைக்கு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. பக்கத்து காம்பரா மாமா வந்து "மருமகனே, ஒங்க வீட்டு டிவி மட்டும் ஓடுதே"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சது. போன் சார்ஜ் பண்ண இஸ்தோப்புல நெறைய பேர் வந்து ஒக்காந்துட்டாங்க, அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்தினாங்க. அன்னைக்கு சாயந்தரமே மாமா வீடும் அதுக்கடுத்த வீடும் சேந்து கேட்டாங்க, இப்ப அந்த ரெண்டு காம்பராவுக்கும் நாலு நாலு லைட்டு எங்க வயர்ல எரியுது.

வர்ற சனிக்கிழமை மேல் டிவிசன் ஓடைய அளக்கப் போறோம், அங்க ஒசரம் எங்கள விட கூட இருக்கும் போல தெரியுது. லெவல் டியூப், பெயின்ட் வாளி, அட்டைக்கு சவுக்காரமும் உப்பும் எடுத்து வச்சாச்சு. பொகவந்தலாவ தம்பியும் வாரேன்னு சொல்லியிருக்காரு, வாளி அவர் கொண்டு வர்றாராம்.